பிடிக்காத முடிவு வந்தால் மறுபடி வாக்கெடுப்பா?

கேள்வி இதுதான்: "2016இல் பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள். இன்று அதற்காக வருந்துகிறவர்கள் அதிகம் என்கிறார்கள். அப்படியானால் இன்னொரு பொதுவாக்கெடுப்பு நடத்துவது சரியா? தோற்றவர்கள் முதலிலிருந்து ஆடலாம் என்று சொல்வது அழுகுணி ஆட்டம் இல்லையா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களிடம் இரண்டாம் முறை கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அதே சீட்டை நீட்டி அதே கேள்வியைக் கேட்கக் கூடாது. முதல் முறை மக்கள் சொன்னதை மதித்து உண்மையாக ஏதாவது செய்ய வேண்டும். அதில் கிடைத்ததைக் கையில் கொண்டுவந்து, "இது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்ட நாடுகள் பிழைத்தன. கேட்கத் தெரியாத நாடுகள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கின்றன.

நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கெடுப்பில் நானும் வாக்களித்தேன். 2016 ஜூன் 23 அன்று லண்டனில் பேய்மழை. கிழக்கு லண்டனில் எங்கள் தெருமுனையில் இருந்த தொடக்கப் பள்ளிதான் வாக்குச்சாவடி. என்னிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்டும் வேலை விசாவும்தான். பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்கள் வாக்களிக்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். மேசையில் இருந்த பெண்மணி என் பெயரையும் முகவரியையும் கேட்டார், பட்டியலில் ஸ்கேல் வைத்து என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. மறைப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில் தொங்கியது. சீட்டில் ஒரே ஒரு கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதா, வெளியேறுவதா? கீழே இரண்டு கட்டங்கள். இருப்பது என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். நான் தோற்ற பக்கம். இனி நான் சொல்வதை அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எங்கள் மேல் வீட்டில் ஓர் இத்தாலியப் பெண்மணி குடியிருந்தார். இருபது வருடங்களுக்கு மேல் லண்டனில் வேலை பார்த்து, வரி கட்டி, இரண்டு பிள்ளைகளை அங்கேயே வளர்த்தவர். அவருக்கு வாக்கு இல்லை. நாலு வருடம் முன்பு சென்னையிலிருந்து வந்து இறங்கிய எனக்கு இருந்தது. மாடிப்படியில் பார்த்தபோது அவரிடம் என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். வெளியேறலாம் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர், இருக்கலாம் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம். விழுக்காட்டில் 51.9க்கு 48.1. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொன்னன. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 விழுக்காடும் இருக்கவே சொன்னார்கள். ஒரே நாடு, நாலு மூலையில் இரண்டு பதில்.

"ஒருமுறை கேட்டாகிவிட்டது, இனிக் கேட்கவே கூடாது" என்று வாதாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2016இல் நடந்ததே இரண்டாவது வாக்கெடுப்புதான். முதலாவது 1975 ஜூன் 5 அன்று நடந்தது. அப்போது ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தில் இருக்கலாம் என்று 67 விழுக்காட்டினர் சொன்னார்கள். இடையில் 41 வருடங்கள் ஓடிவிட்டன. 2016இல் 59 வயதுக்குக் கீழே இருந்த யாரும் 1975இல் வாக்களித்திருக்க முடியாது. மறுபடி கேட்டது நியாயம்தான். அந்த நியாயம் வெளியேற விரும்பியவர்களுக்குக் கிடைத்தது என்றால், மற்றவர்களுக்கும் என்றாவது கிடைத்துத்தான் ஆக வேண்டும். வெளியேறும் பிரசாரத்தின் பெரிய முகமான நைஜல் ஃபராஜே வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, தன் பக்கம் 52க்கு 48 என்று தோற்றால் விவகாரம் அதோடு முடிந்துவிடாது என்று பேட்டி கொடுத்தார். கடைசியில் அதே கணக்கு தலைகீழாக வந்தது.

அடுத்தது சட்டம். 2016 வாக்கெடுப்பு சட்டப்படி வெறும் ஆலோசனை. முடிவை அரசு நிறைவேற்றியே தீர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. தேர்தல் முறையை மாற்றலாமா என்று 2011இல் நடத்திய வாக்கெடுப்புச் சட்டத்தில் அப்படி எழுதியிருந்தார்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பு அரசு வீடு வீடாக அனுப்பிய துண்டுப் பிரசுரம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. முடிவு உங்களுடையது, நீங்கள் சொல்வதை அரசு நிறைவேற்றும் என்று அதில் அச்சடித்திருந்தது. சட்டம் ஒன்று சொல்கிறது, வாசலுக்கு வந்த காகிதம் வேறொன்று சொல்கிறது. சாதாரண மனிதர் எதை நம்புவார்? காகிதத்தைத்தான். அதனால் "அது வெறும் ஆலோசனைதானே" என்று பிறகு சட்டம் பேசியவர்களோடு என்னால் சேர முடியவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

சரி, அப்படியானால் மறு வாக்கெடுப்புக்கு எங்கே இடம்? ஊரில் ஒரு நிலம் விற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி விற்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அப்புறம் விலை என்ன, எல்லை எது, கிணற்றில் யாருக்குப் பங்கு, வரப்பில் நடக்கப் பாதை உண்டா என்றெல்லாம் பேசிப் பத்திரம் எழுதுவார்கள். கையெழுத்துக்கு முன் பத்திர எழுத்தர் முழுவதையும் வாசித்துக் காட்டுவார். "கிணறும் சேர்ந்தா போகிறது? இது எனக்குத் தெரியாதே" என்று அப்போது ஒருவர் கேட்டால், அவரை வாக்குத் தவறியவர் என்று யாரும் ஏசுவதில்லை. வாசித்துக் காட்டுவதே அதற்காகத்தான்.

பிரிட்டனின் கிணறு அயர்லாந்து எல்லை. பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் தொடரும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை ஓடுகிறது. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே சாவடியும் இல்லை, சோதனையும் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தின் சந்தையை விட்டு விலகினால் எங்கேயாவது ஓரிடத்தில் சரக்கைச் சோதித்தாக வேண்டும். நில எல்லையிலா, கடலிலா? 2016 சீட்டில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெளியேறு என்று இருந்ததே தவிர, வெளியேறி எங்கே போவது என்று இல்லை. நார்வே மாதிரி உறுப்பினராகாமல் சந்தைக்குள் மட்டும் இருப்பதா, சுங்கவரியை மட்டும் பொதுவாக வைக்கும் சுங்க ஒன்றியத்தோடு நிற்பதா, எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போவதா? மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டம்.

அதனால்தான் பிரதமர் தெரசா மே ஒப்பந்தத்தோடு வந்தபோது நாடாளுமன்றமே திணறியது. 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று அவர் தோற்றார். மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றார். எந்த ஒப்பந்தமானாலும் அதை மக்களிடம் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும் என்ற தீர்மானம் ஏப்ரல் 1 அன்று வாக்குக்கு வந்தது. ஆதரவு 280, எதிர்ப்பு 292. பன்னிரண்டே வாக்கு. பத்திரத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கும் வாய்ப்பு அன்றுதான் இருந்தது, அது நழுவிவிட்டது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அது ஏன் நழுவியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மறு வாக்கெடுப்பு கேட்டு லண்டனில் லட்சக்கணக்கில் ஊர்வலம் போனோம். எங்களில் பெரும்பாலோர் முதல் முடிவை ஒரு நாள்கூட ஏற்றுக்கொள்ளாதவர்கள். முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் மறு வாக்கெடுப்பு கோரும் மனுவில் 40 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அப்போது ஒப்பந்தமும் இல்லை, ஒரு பேச்சுவார்த்தையும் தொடங்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைத் தவிர எந்தக் காரணமும் எங்கள் கையில் இல்லை. மூன்று வருடம் கழித்து நல்ல காரணம் கையில் வந்தபோது கேட்கிற குரல் மட்டும் பழைய குரலாகவே இருந்தது. இங்கிலாந்தின் சந்தர்லாந்திலோ பாஸ்டனிலோ வெளியேற வாக்களித்த ஒருவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? "நீ சொன்னது தப்பு, போய் ஒழுங்காகச் சொல்லிவிட்டு வா" என்றுதான் கேட்டிருக்கும்.

இதே இடத்தில் டென்மார்க் என்ன செய்தது என்று பாருங்கள். 1992 ஜூன் 2 அன்று, ஐரோப்பிய நாடுகளை இன்னும் நெருக்கமாக இணைக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டேனிஷ் மக்கள் 50.7 விழுக்காட்டில் நிராகரித்தார்கள். வித்தியாசம் 50,000 வாக்குகூட இல்லை. உடனே மறுபடி நடத்துங்கள் என்று யாரும் கிளம்பவில்லை. மக்களுக்கு எது பிடிக்கவில்லை என்று உட்கார்ந்து பேசினார்கள். பொது நாணயம், பொதுப் பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை என்று நான்கு விஷயங்கள் தேறின. அந்த அக்டோபரில் நாடாளுமன்றக் கட்சிகள் ஒன்றைத் தவிர எல்லாம் சேர்ந்து ஒரு தேசிய சமரசத்தை எழுதின. அதை எழுதியவர்களில் சோஷலிச மக்கள் கட்சியும் உண்டு. ஜூனில் "வேண்டாம்" என்று பிரசாரம் செய்த கட்சி அது! வென்றவர்களே பேனாவைப் பிடித்தார்கள். டிசம்பரில் எடின்பரோவில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள் இந்த நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். 1993 மே 18 அன்று மறுபடி கேட்டபோது 56.7 விழுக்காட்டினர் சரி என்றார்கள்.

அதுவும் சேதாரமில்லாமல் நடக்கவில்லை. அன்று இரவு கோபன்ஹேகனில் நோரப்ரோ பகுதியில் கலவரம் வெடித்து, போலீஸ் 113 தடவை சுட்டது. பதினொரு பேராவது காயமடைந்தார்கள். ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். யூரோ நாணயத்தில் சேரலாமா என்று 2000இல் கேட்டார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள், இன்றுவரை டென்மார்க்கில் குரோனர்தான். நீதித்துறை விலக்கைத் தளர்த்தலாமா என்று 2015இல் கேட்டார்கள், அதற்கும் வேண்டாம். உக்ரைன் போர் வந்தபின் 2022 ஜூன் 1 அன்று பாதுகாப்பு விலக்கை நீக்கலாமா என்று கேட்டார்கள், 67 விழுக்காட்டினர் சரி என்றார்கள். ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாக, நிலைமை மாறியபோது, மக்களிடமே போனது. இதைப் பார்த்து யாரும் அழுகுணி ஆட்டம் என்று சொல்ல முடியாது.

அயர்லாந்தைப் பற்றித்தான் கேலி அதிகம்: "சரியான பதில் வரும்வரை கேட்பார்கள்." ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை 2001இல் நிராகரித்தார்கள், 2002இல் ஏற்றார்கள். அதன் அடுத்த ஒப்பந்தமான லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு 2008இல் இல்லை, 2009இல் ஆம். மேலோட்டமாகப் பார்த்தால் கேலி சரி என்றே தோன்றும். நீஸ் எண்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 2001இல் வாக்களிக்க வந்தவர்கள் 35 விழுக்காடுகூட இல்லை. "இல்லை" 5 லட்சத்து 29 ஆயிரம், "ஆம்" 4 லட்சத்து 53 ஆயிரம். அடுத்த வருடம் "இல்லை" 5 லட்சத்து 34 ஆயிரம், "ஆம்" 9 லட்சத்து 6 ஆயிரம். மொத்தக் கணக்கில் "இல்லை" குறையவே இல்லை. முதல் முறை வராதவர்கள் இந்த முறை வந்தார்கள், அவ்வளவுதான். இடையில் அரசும் சும்மா இருக்கவில்லை. நாட்டின் நடுநிலைமை போய்விடுமோ என்பது பெரிய பயமாக இருந்தது. ஒன்றியத்தின் பொதுப் பாதுகாப்பு அமைப்பில் அயர்லாந்து சேராது என்ற வாசகத்தை இரண்டாவது வாக்கெடுப்பின் அரசியலமைப்புத் திருத்தத்திலேயே எழுதினார்கள். "இல்லை" என்றவர்களின் பயம் சட்டமானது.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அயர்லாந்தின் விவாகரத்து வாக்கெடுப்புதான். அரசியலமைப்பிலேயே விவாகரத்துக்குத் தடை இருந்த நாடு அது. 1986இல் கேட்டபோது 63.5 விழுக்காட்டினர் தடை நீடிக்கட்டும் என்றார்கள். மதம் மட்டும் காரணம் இல்லை. கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டால் முதல் மனைவிக்கு வீடு என்ன ஆகும், பிள்ளைகளுக்கு நிலத்தில் பங்கு என்ன ஆகும் என்று பெண்கள் கேட்டார்கள், அரசிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தயார் செய்ய ஒன்பது வருடம் ஆனது. பிரிந்து வாழ்வோருக்கான சட்டம், ஜீவனாம்சம், சொத்துப் பங்கீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரிய ஏற்பாடு இருந்தால்தான் விவாகரத்து என்பதைத் திருத்தத்திலேயே சேர்த்தார்கள். 1995 நவம்பர் 24 அன்று மறுபடி கேட்டார்கள். 8,18,842 பேர் ஆம், 8,09,728 பேர் இல்லை. வித்தியாசம் 9,114.

16 லட்சம் வாக்கில் 9,114 என்பது ஒரு சிற்றூரின் ஜனத்தொகை. தோற்ற பக்கம் நீதிமன்றம் போனது. அவர்கள் வாதத்தில் உண்மையும் இருந்தது: ஒரு பக்கத்துப் பிரசாரத்துக்கு மட்டும் அரசு பொதுப்பணத்தைச் செலவழித்தது தவறு என்று வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனாலும் முடிவை ரத்து செய்யக் கோரிய வழக்கு 1996இல் தள்ளுபடியானது. முடிவு நின்றது. 2019இல் நிபந்தனைகளை மேலும் தளர்த்தக் கேட்டபோது 82 விழுக்காட்டினர் சரி என்றார்கள். முதல் முறை கேட்ட கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு வந்ததால்தான் அவ்வளவு மெல்லிய வெற்றியும் நிலைத்தது என்பது என் எண்ணம்.

கேட்டும் மாறாத நாடுகளும் உண்டு. ஐரோப்பிய சமூகத்தில் சேரலாமா என்று நார்வே 1972இல் கேட்டது, ஒன்றியத்தில் சேரலாமா என்று 1994இல் மறுபடி கேட்டது. இரண்டு முறையும் வேண்டாம் என்றே மக்கள் சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

எத்தனை முறை கேட்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் சண்டை வராதா? நியூ கலிடோனியா அப்படித்தான் செய்தது. பசிபிக் கடலில் பிரான்சின் ஆளுகையில் உள்ள தீவு அது. 1998 நூமியா ஒப்பந்தப்படி சுதந்திரம் வேண்டுமா என்று மூன்று முறை வரை கேட்கலாம். 2018இல் வேண்டாம் என்றவர்கள் 56.7 விழுக்காடு, 2020இல் 53.3. இரண்டு முறையும் பூர்வகுடி கனாக் மக்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள், தோற்றும் அமைதியாக இருந்தார்கள். அடுத்த முறை ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை. மூன்றாவது வாக்கெடுப்புக்கு 2021 டிசம்பர் 12 என்று பாரிஸ் தேதி குறித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் தீவுக்குள் கொரோனா நுழைந்து 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது, அதில் கனாக்குகளே அதிகம். நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், தள்ளிவையுங்கள் என்று அவர்களின் தலைவர்கள் கேட்டார்கள். பாரிஸ் தள்ளிவைக்கவில்லை. அவர்கள் புறக்கணித்தார்கள். வாக்களித்தவர்கள் 44 விழுக்காடு, அதில் சுதந்திரம் வேண்டாம் என்றவர்கள் 96.5. இப்படி ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2024 மே மாதம், வாக்காளர் பட்டியலை மாற்றும் முயற்சியால் கலவரம் வெடித்துத் தீவே பற்றி எரிந்தது. சாவு வீட்டில் போய்ச் சம்மதம் கேட்கக் கூடாது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"பொய் சொல்லி ஜெயித்தார்கள், அதனால் மறுபடி நடத்த வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று வெளியேறும் பக்கம் தன் பிரசாரப் பேருந்தில் எழுதிய கணக்கு தவறானது என்பது உண்மை. ஆனால் எங்கள் பக்கமும் வெளியேறினால் உடனே 3,000 கோடி பவுண்டுக்கு வரியும் வெட்டும் வரும் என்று நிதியமைச்சரை வைத்தே மிரட்டியது, அதுவும் நடக்கவில்லை. பொய்யை அளப்பது நீதிமன்றத்தின் வேலை. சுவிட்சர்லாந்தில் அது நடந்தும் இருக்கிறது. திருமணமானவர்களின் வரி பற்றி 2016இல் நடந்த ஒரு வாக்கெடுப்பில், இருவரும் சம்பாதிக்கும் 80,000 தம்பதிகளுக்குத்தான் பாதிப்பு என்று அரசு சொல்லியிருந்தது. உண்மையில் 4,54,000. மக்களுக்குச் சரியான தகவல் தரவில்லை என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவையே ரத்து செய்தது. அப்படி ஒரு நீதிமன்ற அதிகாரம் முன்கூட்டியே இருக்க வேண்டும். தோற்றவர்கள் தாங்களே நீதிபதியாகி ரத்து செய்ய முடியாது.

இனி இன்றைய பிரிட்டனுக்கு வருவோம். 2020 ஜனவரி 31 அன்று அது வெளியேறிவிட்டது. வெளியேறியது தவறு என்பவர்களே அதிகம் என்று சில வருடங்களாகவே கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. ஆனாலும் 2016 சீட்டை மறுபடி அச்சடிப்பதில் பயனில்லை. அந்தச் சீட்டில் இருந்த "இருப்பது" இன்று இல்லை. உள்ளே போக வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், உறுப்பு நாடுகள் எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றியத்துக்குக் கட்டும் தொகையில் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1984இல் பேசி வாங்கிய சலுகை தானாகத் திரும்பி வராது. பவுண்டு என்ன ஆகும் என்ற கேள்வியும் வரும். அதனால் என் வரிசை இதுதான்: சேர விண்ணப்பிப்போம் என்று சொல்லி ஒரு கட்சி முதலில் தேர்தலில் வெல்லட்டும். பேச்சுவார்த்தை நடக்கட்டும், அந்த மேசையில் வெளியேற வாக்களித்தவர்களின் பிரதிநிதிகளும் உட்காரட்டும். பத்திரம் எழுதி முடிந்தபின் அதை மக்களிடம் வாசித்துக் காட்டிக் கேட்கட்டும். ஆம் என்றால் சேரலாம், இல்லை என்றால் வெளியிலேயே இருக்கலாம்.

கடைசியாக, யார் வாக்களிப்பது. இங்கேதான் என் மனதுக்கே கஷ்டமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 ஸ்காட்லாந்து சுதந்திர வாக்கெடுப்பில் 16 வயதுப் பிள்ளைகளும் அங்கே வசித்த ஐரோப்பிய நாட்டவரும் வாக்களித்தார்கள். 2016இல் அப்படி இல்லை. அடுத்த முறையாவது சேர்க்க வேண்டும் என்று என் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். நான் கூடாது என்கிறேன். ஒரே விஷயத்தை இரண்டாம் முறை கேட்கும்போது பட்டியலை மாற்றினால், முடிவு மாறியதற்கு மக்கள் மனம் மாறியது காரணமா, பட்டியல் மாறியது காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. தோற்றவர் அதை ஏற்கவே மாட்டார். பட்டியலை விரிப்பதானால் பொதுத் தேர்தல் சட்டத்தில் முன்பே விரிக்க வேண்டும், வாக்கெடுப்புக்காக விரிக்கக் கூடாது.

மேல் வீட்டு இத்தாலியப் பெண்மணியிடம் இதை ஒருநாள் சொன்னேன். "இருபது வருஷம் காத்திருந்தவளிடம் நீயே இப்படிச் சொல்கிறாயா?" என்றார். என்னிடம் நல்ல பதில் இல்லை. பிறகு அவர் ஆயிரத்துக்கு மேல் பவுண்டு கட்டணம் கட்டி, பரீட்சை எழுதி, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினார். உறுதிமொழி எடுக்கும் நாளில் என்னையும் என் மனைவியையும் நகர மன்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார். இப்போது எங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் எங்கள் பெயருக்கு நாலு வரி கீழே இருக்கிறது.